வத்தல் கை

சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன்னால் முகம் கழுவுவது என்பது எங்கள் அம்மாவுக்கு ஒரு பெரிய காரியம். எம். புதுப்பட்டிக்கு வடக்கே கரிசல் காட்டில் எங்களுக்கு மிளகாயும் பருத்தியும் விளைந்துகொண்டிருந்தன. பகல் முழுக்க வெயிலிலும் புழுதியிலும் காய்ந்துவிட்டு வரும் வீட்டுப் பெண்களை அம்மா அப்படியே அடுப்படிக்குள் விடமாட்டாள். பாசிப்பயறு மாவில் கொஞ்சம் கஸ்தூரி மஞ்சள் போட்டு, மோர் விட்டுக் குழைத்து வைத்திருப்பாள். முகம், கழுத்து, முழங்கை வரை தேய்த்துக் கழுவவேண்டும். அதன்பிறகு உள்ளங்காலில் விளக்கெண்ணெய். இமை மேல் ஒரு பொட்டு. மிளகாய்ப் பழம் பறித்த நாளாக இருந்தால் இதற்கெல்லாம் முன்பு நல்லெண்ணெயும் தயிரும் போட்டு விரல் விரலாக உருவிவிடுவாள். "தோலு குளுந்தாத்தான் கண்ணு சொக்கும்" என்பது அவள் பேச்சு. இப்போது ராத்திரி பூசிக்கொண்டு படுப்பதற்கென்றே கடைகளில் கிரீம் விற்கிறார்கள். அதை வாங்கிப் பூசுகிறவர்களைக் கேலி பண்ண எனக்கு வாய் வராது. நானும் அந்தப் பைத்தியம்தான்.

ஐம்பதுகளின் கடைசியில் என்னை விருதுநகரில் கட்டிக்கொடுத்தார்கள். சீர்ப் பாத்திரங்களோடு ஒரு டின் நிறையப் பயற்றமாவும் வந்தது. மாமியார் வீட்டார் டின்னைத் திறந்து பார்த்துவிட்டு, பலகாரத்துக்கு அரைத்த மாவு என்று அடுப்படியில் வைத்துவிட்டார்கள். அது முகத்துக்கு என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு கிண்ணம் மாவை முந்தானைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டுபோய்க் கிணற்றடியில் கழுவிவிட்டு வருவேன். கூச்சம் என்பது என் பிறவிக் குணம். பசித்தால்கூட இன்னும் கொஞ்சம் சோறு கேட்க மாட்டேன். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று அம்மா திட்டித் திட்டி அலுத்துப்போனதுதான் மிச்சம்.

மாமனார் வீட்டில் வத்தல் கமிஷன் கடை. தெருப்பக்கம் கடை, அதை ஒட்டி மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கி, அதற்குப் பின்னால் வீடு. மாசி பங்குனி வந்துவிட்டால் சுற்று வட்டாரத்து மிளகாய் வத்தல் முழுக்க அந்தத் தெருவில் வந்து இறங்கும். காற்றே காரமாக இருக்கும். ஆனால் தெருக்காரர் ஒருவருக்கும் தும்மல் வராது. யாராவது தும்மினால் அவர் வெளியூர் என்று தெரிந்துகொள்ளலாம். நான் வந்த புதிதில் தும்மித் தும்மி, மூக்கும் கண்ணும் ஒழுக நின்றேன். மிளகாய் விளைகிற வீட்டில் பிறந்தவள்தான், இருந்தாலும் காட்டில் காற்றோட்டமாக நின்று பறிப்பது வேறு, ஆயிரம் மூட்டைக்குப் பின்னால் குடியிருப்பது வேறு.

என் மாமியாரை அத்தை என்பேன். நல்ல மனுஷி, சிரிக்கத்தான் தெரியாது. என் கண்ணீரைப் பார்த்துவிட்டு அவர் வேறு கணக்குப் போட்டார்.

"ஏத்தா, எதுக்கு அளுதுக்கிட்டே இருக்க? இங்கன உனக்கு என்ன கொறை?"

"ஒண்ணுமில்லத்தை."

"ஒண்ணுமில்லாததுக்கா கண்ணு செவந்து கெடக்கு?"

கிட்டங்கி நெடிதான் அத்தை என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் சோறு போடும் தொழிலைக் குறை சொன்னதாகிவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டேன். புது மருமகளை மகன் எதற்கோ அழவைக்கிறான் என்று அத்தை மனதில் விழுந்துவிட்டது. அதற்கு விதை போட்டவள் நான்தான்.

என் வீட்டுக்காரருக்கு மனிதர்களோடு பேசியதைவிட மூட்டைகளோடு பேசியதுதான் அதிகம். வத்தல் விளைவிக்கிற சம்சாரிகள் மேலாக நல்ல வத்தலைப் போட்டு, அடியில் சோடையை அமுக்கிக் கொண்டுவருவார்கள். அதனால் அவர் ஒவ்வொரு மூட்டையிலும் முழங்கை வரை கையை விட்டு அடி வத்தலை அள்ளி எடுப்பார். நொறுக்கிப் பார்ப்பார், விதையைக் குலுக்கிப் பார்ப்பார். பொழுது சாய்ந்ததும் கிணற்றடியில் சோப்புப் போட்டு, கையையும் முகத்தையும் கழுவிவிட்டு, வேலை முடிந்தது என்று வந்து உட்காருவார். வத்தல் காரம் தண்ணீருக்கும் சோப்புக்கும் போகாது என்பது எங்கள் காட்டில் குழந்தைக்கும் தெரியும். அதற்கு எண்ணெய் வேண்டும். இந்த வீட்டு ஆண்களுக்கோ உள்ளங்கை மரத்துப்போய்விட்டது. எரியுதா என்று கேட்டால், எரியலையே என்பார்கள். ஆனால் அவர் தூங்கும்போது பார்த்திருக்கிறேன். இரண்டு கையும் பாயை விட்டு நழுவி, சில்லென்ற தரையைத் தேடி அப்பிக்கொள்ளும். சற்று நேரத்தில் அந்த இடம் சூடானதும் வேறு இடத்துக்கு நகரும். அவருக்கு எரியவில்லையாம்.

எண்ணெய் தேய்த்துக் கையைக் கழுவுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். கட்டின பெண்டாட்டி சொல்லாமல் யார் சொல்வது? ஆனால் யோசித்துப் பாருங்கள். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. பகலில் அவரோடு நின்று பேசுவதே கிடையாது. கையைச் சுத்தமாகக் கழுவிவிட்டு வாருங்கள் என்று நான் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? வந்து என்னைத் தொடுங்கள் என்று கூப்பிட்ட மாதிரி ஆகாதா? அதை நினைத்தாலே எனக்குக் காது மடல் சுடும். அவராகத் தொட்டால் பல்லைக் கடித்துக்கொள்வேன். எரிந்தாலும் பிடித்துத்தான் இருந்தது. இதை எழுத இத்தனை வயதிலும் எனக்குக் கை கூசுகிறது.

சீசன் உச்சத்தில் இருந்தபோது ஒருநாள் பொழுதடைகிற நேரம். பயற்றமாவு தேய்த்துக் கழுவிவிட்டுக் கிணற்றடியிலிருந்து ஈர முகத்தோடு வந்துகொண்டிருந்தேன். அவர் கடையிலிருந்து பின்பக்கமாக வந்தார். நடையில் நாங்கள் இரண்டு பேர்தான். வழியை விட்டு ஒதுங்கினேன். அவர் போகவில்லை.

"தெனம் இந்த வாசனை வருது. என்னதுன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்" என்றார்.

"பயத்தமாவு."

"முகத்துக்கா?" என்று கேட்டுவிட்டு, விரல்களால் என் கன்னத்தைத் தடவிக் கொடுத்தார். மெதுவாக, மேலிருந்து கீழாக. அவர் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. நான் அசையாமல் நின்றேன். உள்ளே அத்தையின் பாத்திரச் சத்தம் கேட்டதும் அவர் கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தேய்த்துக் கழுவிய கன்னம், மேல்தோல் இளகி இருக்கிற நேரம். கொஞ்ச நேரத்தில் தீயாகப் பிடித்துக்கொண்டது. தயிர் போட்டால் அடங்கியிருக்கும். தயிர் அத்தை கையில். எதுக்கு என்று கேட்பார். கன்னத்துக்கு என்றால், கன்னத்தில் என்ன என்பார். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அப்படியே படுத்தேன். விடிந்து கண்ணாடியைப் பார்த்தால் கன்னம் தடித்து, மூன்று விரல் தடம் பதிந்த மாதிரி சிவந்து கிடந்தது.

அத்தை பார்த்துவிட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே போய், கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகனைப் பிடித்தார்.

"ஏலே, பொட்டப்புள்ளைய கை நீட்டுறியா நீ?"

அவர் திருதிருவென்று விழித்தார். பிறகு என் கன்னத்தைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. பெற்ற தாயிடம் அதை எப்படிச் சொல்வார்? தலையைக் குனிந்துகொண்டு கடைக்குப் போய்விட்டார். அத்தை அந்த மௌனத்தையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டார். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதோடு முடிந்திருந்தால் புகைந்து அடங்கியிருக்கும். அன்றைக்கென்று பார்த்து எங்கள் அப்பா வத்தல் லோடு கொண்டுவந்தார். மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு, மகளைப் பார்க்க உச்சிப்பொழுதில் வீட்டுக்குள் வந்தார். அத்தை இலை போட்டார். நான் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுபோய் வைத்தேன். கன்னத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் குனிந்தேன். ஆனால் நிமிரும்போது மறந்துவிட்டேன்.

"இது என்ன தாயி கன்னத்துல?"

செம்பை இலைப் பக்கம் நகர்த்தினேன்.

"யாரு கை இது?"

எங்கள் அப்பா கூட்டத்தில் சத்தம் போடாத மனிதர். என்னை ஒருநாளும் அடித்ததில்லை. இலையிலிருந்து எழுந்துவிட்டார். அதற்குள் மாமனாரும் என் வீட்டுக்காரரும் சாப்பிடக் கடையிலிருந்து வந்து கூடத்தில் நுழைந்தார்கள்.

"மாப்ள, எம் பிள்ளைய நீங்க அடிச்சீகளா?"

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். நீயே சொல் என்று கேட்கிற பார்வை இல்லை அது. நீ சொல்லவேண்டாம், இரு என்கிற பார்வை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆமா மாமா" என்றார் அவர்.

பெண்டாட்டியைத் தடவிக்கொடுத்தேன் என்று எங்கள் அப்பாவிடம் சொல்வதைவிட, அடித்தேன் என்று சொல்வது அந்த மனிதனுக்கு மானமாகப் பட்டிருக்கிறது. எனக்கும் அப்போது அப்படித்தான் பட்டது. ஒரு நிமிஷம், அப்பாடா என்றுகூட இருந்தது. நான் எவ்வளவு அற்பமாக இருந்திருக்கிறேன்!

அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "காலையிலயே கேட்டேன் சம்மந்தி. வாயத் தெறக்கலையே, பாவி."

மாமனார் சமாதானத்துக்கு வந்தார். "சின்னஞ்சிறுசுக. கோவிச்சுக்கிறாதீக. அடிக்கிற கைதான் அணைக்கும்."

"அணைக்கிற கைக்கு இப்பிடித் தடம் விழுமா?" என்றார் அப்பா. "எம் பிள்ளை வந்ததுலேர்ந்து அளுதுக்கிட்டு இருக்குன்னு ஏவாரத்துக்கு வந்த ஆளுக சொன்னாக. நம்பாம இருந்தேன். தாயி, பெட்டிய எடு. கெளம்பு. இந்த வீட்ல எனக்கு ஒரு வாய்த் தண்ணி வேண்டாம்."

உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். சேலைகளை மடித்து வைக்க வைக்கத்தான் என்ன நடக்கிறது என்று மண்டையில் ஏறியது. இப்போது நான் அப்பாவோடு படி இறங்கினால் திரும்பி வருவது லேசில் இல்லை. எங்கள் ஊரில் அப்படி வந்து, பிறந்த வீட்டிலேயே கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இங்கே அவரைத் தெரு முழுக்கப் பெண்டாட்டியை அடித்து விரட்டியவன் என்று பேசும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அவரை எனக்குப் பிடித்திருந்தது. இதைத் தடுக்க ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அப்பா முகத்துக்கு நேராக, மாமனார் காதுபட. முடியாது என்று தோன்றியது. அதைச் சொல்வதற்கு நாண்டுகொண்டு சாகலாம். பெட்டியைப் பூட்டினேன்.

கூடத்துக்கு நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது தூணோரம் நின்றிருந்த அவர் முன்னால் வந்தார். "கனமா இருக்கும். குடு" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். வாங்கும்போது தன் விரல் என்மேல் பட்டுவிடாமல் கையை ஒதுக்கிப் பிடித்தார். அதைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ அறுந்தது.

"அப்பா, அவுக அடிக்கலப்பா" என்றேன்.

"பயப்படாத தாயி. அவுகளே ஒத்துக்கிட்டாக."

"இல்லப்பா. இது வத்தல் எரிச்சல். வத்தல் கை."

அப்பாவுக்கு விளங்கவில்லை. வத்தலைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. உழுதவர், பறித்தவர், காயவைத்தவர். இருந்தும் மனிதர் என் கன்னத்தையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

"வத்தல் கை எப்பிடித்தா கன்னத்துக்கு வந்துச்சு?"

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியே ஆகவேண்டும். கூடத்தில் நாலு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரையில் ஒரு ஓட்டை இருந்தால் அதற்குள் போயிருப்பேன். முந்தானையை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"தடவிக் குடுத்தாகப்பா."

மாமனார் ஏதோ கணக்கு ஞாபகம் வந்தவர்போல் கடைப்பக்கம் போய்விட்டார். என் வீட்டுக்காரர் கையில் என் பெட்டியோடு நின்றார். வைப்பதா, வைத்திருப்பதா என்று தெரியவில்லை. கழுத்திலிருந்து காது வரை அவர் வத்தல் நிறத்துக்கு ஆகியிருந்தார். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த முகத்தையே மறுபடியும் துடைத்தார். பிறகு போய் இலையில் உட்கார்ந்து, "சோறு போடச் சொல்லு" என்றார்.

அன்று அப்பா சாப்பிட்டது எந்தக் கணக்கிலும் சேர்த்தி இல்லை. குழம்பை ஊற்றாமலே பிசைந்தார். ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. போகும்போது, "வர்றேன்" என்று தூணைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த தீபாவளிக்குச் சீர் கொண்டுவந்தபோதும் என்னிடம் பேசுவதற்கு அம்மாவைத்தான் விட்டார். மகளைப் பற்றி ஒரு தகப்பன் தெரிந்துகொள்ள வேண்டாத ஒன்றை என் வாயால் அவருக்குச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தார். அந்த விஷயத்தை நாங்கள் இரண்டு பேரும் பேசியதே இல்லை.

பொழுது சாய்ந்தது. கடை அடைக்கிற நேரம். இனிமேல் எனக்கு ஒளிக்க என்ன இருக்கிறது? துணிந்து அடுப்படிக்குப் போனேன். அத்தை அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மத்தியானத்திலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. மகனை அநியாயமாகத் திட்டவைத்துவிட்டேன் என்ற கோபம் என்றுதான் நினைத்தேன்.

"அத்தை, கொஞ்சம் தயிர் வேணும். நல்லெண்ணெயும்" என்றேன். யாருக்கு என்று அவர் கேட்கும் முன்பே, "அவுக கைக்கு" என்றும் சொல்லிவிட்டேன்.

அத்தை எழுந்தார். உறியிலிருந்து தயிர்ச் சட்டியை இறக்கினார். ஒரு கிண்ணத்தில் தயிர், ஒன்றில் எண்ணெய். இரண்டையும் என் முன்னால் வைத்தார். நான் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

"இந்தா" என்றார்.

நின்றேன்.

"நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து இந்த வீட்ல வத்தல் ஏவாரந்தான். ஒங்க மாமாவும் மூட்டைக்குள்ள கைய விட்ட ஆளுதான்." அடுப்பில் ஒரு சுள்ளியைத் தள்ளிவிட்டார். என்னைப் பார்க்கவில்லை. "எனக்கு ஒருநா கூடக் கன்னம் எரிஞ்சதில்ல."

மத்தியானம் அத்தனை பேர் முன்னால் நான் பட்ட வெட்கம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கிண்ணங்களை முந்தானையால் மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் என் வீட்டுக்காரர் கைக்கு எண்ணெய் போட்டு, விரல் இடுக்கெல்லாம் உருவி, தயிரில் அலசிப் பயற்றமாவில் கழுவிவிடுவது என் வேலையானது. கொஞ்ச நாளில் அவர் கைகள் தரையைத் தேடுவதை நிறுத்தின. படுத்ததும் தூங்கிப்போவார். ஆனால் அத்தை உயிரோடு இருந்த காலம் முழுக்க, அவர் கண் படுகிற இடத்தில் நான் அதைச் செய்ததே இல்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்தேன்.